நாளைய கூட்டாளியிடம் பொய் சொல்லலாமா?

பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது ரோபோவும் ஒரு பாடம். 2025-26 கல்வியாண்டு முதல் கேரளம் முழுக்க அது கட்டாயம். பள்ளிகளுக்கு 29,000 ரோபோட்டிக் கிட்டுகள் போயிருக்கின்றன. பாடத்தின் பின்னாலேயே போட்டியும் வரும். அடுத்த அணியின் ரோபோ என்னவெல்லாம் செய்யும் என்று நோட்டம் பார்க்கும் ‘ஸ்கௌட்டிங்’ வேலையும் சேர்ந்தே வரும். அந்த வேலையில் உண்மை பேசுவது ஒழுக்கம் மட்டுமல்ல, கெட்டிக்காரத்தனமும்கூட.

டீன் கேமன் 1989இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு 1992 முதல் அமெரிக்காவில் நடத்திவரும் ரோபோ போட்டி இதற்குச் சான்று. ஒவ்வோர் ஆட்டத்திலும் பக்கத்துக்கு மூன்று ரோபோக்கள். தகுதிச் சுற்றில் யாரோடு யார் சேர்வது என்பதை அட்டவணைதான் முடிவு செய்யும். பலவீனமான துணை வாய்த்தால் நல்ல ரோபோவும் தரவரிசைப் பட்டியலில் கீழே போய்விடும். பிறகு முன்னணியில் உள்ள எட்டு அணிகள் தங்கள் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும். காலையில் எதிரே நின்றவர் மாலையில் பக்கத்தில் நிற்கக்கூடும். தன் ரோபோவைப் பற்றி அளந்துவிட்ட அணி, கடைசியில் தன்னைத் தேர்ந்தெடுத்தவரோடு சேர்ந்தே தோற்கும். போதாததற்கு, அதன் ரோபோ களத்தில் என்ன செய்தது என்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

“மெனக்கெட்டு நோட்டம் பார்த்துச் சேர்த்த விவரத்தை மற்ற அணிகளுக்குச் சும்மா தூக்கிக் கொடுப்பதா?” என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், ஓர் ஆட்டத்தின் ஆறு ரோபோக்களையும் ஒரே நேரத்தில் கவனிக்க ஆறு பேராவது வேண்டும். நான்கைந்து பேர் கொண்ட பள்ளி அணிக்கு அது முடியாத காரியம். இரண்டு மூன்று அணிகள் வேலையைப் பங்கிட்டால் முடியும். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் சரிபார்ப்பதால் பிழையும் குறையும். பெரிய அணிக்கு என்ன லாபம் என்றால், பட்டியலின் அடியில் மறைந்து கிடக்கும் நல்ல கூட்டாளி அதன் கண்ணில் படுவதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் திறந்து வைக்கத் தேவையில்லை. எந்த ரோபோ எத்தனை முறை புள்ளி எடுத்தது, எங்கே நின்றுபோனது என்பவை களத்தில் எல்லோர் முன்னும் நடந்தவை, அவற்றைப் பகிரலாம். யாரைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம், எந்த உத்தியில் ஆடப் போகிறோம் என்பவை அணியின் சொந்த யோசனை; அவற்றைச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால், சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. பவர்லூம் துணி கைத்தறி என்ற பெயரில் விலைபோகும்போது நேர்மையான நெசவாளியின் துணியும் சந்தேகத்துக்கு உள்ளாவதைக் கைத்தறி ஊரான பாலராமபுரம் அறியும். ஓர் அணி வேண்டுமென்றே தவறான எண்ணைக் கொடுத்தாலும் அதுதான் நடக்கும்: மற்ற அணிகள் சொல்லும் சரியான எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே கிட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஆசிரியர், பார்த்ததைப் பார்த்தபடி குறித்துவைக்கும் பழக்கத்தையும் அப்போதே தொடங்கிவைக்க வேண்டும்.