மரத்தைக் கேட்டு நட்ட ஊர்

சிங்கப்பூரில் ஃபேரர் சர்க்கஸ் என்று ஒரு ரவுண்டானா இருந்தது. 1963 ஜூன் 16 அன்று பிரதமர் லீ குவான் யூ அங்கே ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். இலையை உதிர்த்துவிட்டுக் கிளை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கிற மரம் அது. எட்டு ஆண்டு கழித்து, 1971 நவம்பர் 7 அன்று, 'மரம் நடும் நாள்' தொடங்கியது. பிரதமர் பொறுப்பை அப்போது கவனித்துவந்த கோ கெங் சுவீ, ஃபேபர் மலை உச்சியில் தூங்குமூஞ்சி மரம் ஒன்றை நட்டார். பள்ளிப் பிள்ளைகளும் சமூக மன்றத்தினரும் தங்கள் தங்கள் பகுதியில் நட்டார்கள். ஆண்டுதோறும் நவம்பரில் இது நடக்கலாயிற்று.

ஏன் நவம்பர்? நமக்கு மழை தருகிற வடகிழக்குப் பருவக்காற்றுதான் சிங்கப்பூருக்கும் அந்த மாதங்களில் மழை கொண்டுபோகிறது. நாற்றங்காலிலிருந்து ஒரு கன்றைப் பெயர்க்கும்போது, கண்ணுக்கு எளிதில் தெரியாத வேர்த்தூவிகள் பல அறுந்துபோகின்றன. தண்ணீரை உறிஞ்சுவது அவைதான். மேலே இருக்கும் இலைகளுக்கு இது தெரியாது. அவை தங்கள் துளைகள் வழியே நீராவியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு அப்படியே இருந்தால் கன்று வாடிவிடும். புதிய தூவிகள் முளைக்கும்வரை மண் ஈரமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேலையை வானமே பார்த்துக்கொள்கிறது.

ஊர் சீக்கிரம் பச்சையாக வேண்டும் என்ற அவசரமும் சிங்கப்பூருக்கு இருந்தது. அதற்குக் கைகொடுத்தது அங்சானா என்ற மரம். நம் மலைகளில் வளரும் வேங்கைக்கு நெருங்கிய உறவு. முருங்கைப் போத்தை ஊன்றினால் துளிர்க்கிறதல்லவா, அதுபோல அங்சானாவின் பெரிய கிளையையே வெட்டி நட்டால் வேர்விடும். கொஞ்ச நாளில் சாலையில் நிழல்! ஆனால் போத்திலிருந்து வளரும் மரம் தாய்மரத்தின் நகல். தாயிடம் ஒரு நோயைத் தாங்கும் சக்தி இல்லையென்றால் பிள்ளைகளிடமும் இருக்காது. 1980களில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை அங்சானா மரங்களைத் தாக்கியது. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் குழாய்களை அது அடைத்துவிடும். காலடியில் ஈரம் இருந்தும் தாகத்தில் வாடி, பல மரங்கள் பட்டுப்போயின. ஒரே இனத்தை வரிசையாக நடுவதில் எவ்வளவு ஆபத்து பாருங்கள். பல இன மரங்களைக் கலந்து நட்டால், ஒரு நோய் வந்தாலும் தெரு முழுவதும் மொட்டையாகிவிடாது.

இப்போது தூங்குமூஞ்சி மரத்துக்கு வருவோம். சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகிற சாலையில் இரு பக்கமும் நின்று, கிளைகளை மேலே விரித்துப் பந்தல் போட்டிருப்பது இதுதான். பிறந்த இடம் நடு, தென் அமெரிக்கா. வளர்ந்த மரத்தின் கவிகை 30 மீட்டர் அகலம்கூடப் போகும்.

இதன் இலைக்காம்பு தொடங்கும் இடத்தை உற்றுப் பாருங்கள், சின்னதாக ஒரு புடைப்பு தெரியும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் அதேபோல ஒரு குட்டிப் புடைப்பு உண்டு. அதற்குள் இருக்கும் செல்கள் பொட்டாசியம் அயனிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அனுப்புகின்றன. பொட்டாசியம் போகும் பக்கம் தண்ணீரும் போகும். ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் தளர்ந்ததும் இலை மடங்கிவிடும். பொழுது சாய்ந்தால் மடங்கும், வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் மடங்கும். மடங்கிய இலைகளுக்கு இடையே மழை நேராகத் தரைக்கு இறங்குவதால், இதன் அடியில் புல் செழிப்பாக வளரும். வெயில் நேரத்தில் விரிந்த இலைகள் நிழல் தரும். அதோடு அவை விடும் நீராவி சுற்றியுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். தகரக் கூரையின் நிழலைவிட மரநிழல் குளிர்ச்சியாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவரைக் குடும்பத்து மரம் என்பதால் இதன் வேர்முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகின்றன. நகரத்தின் சத்தில்லாத மண்ணில் இது எவ்வளவு பெரிய உதவி! எனக்கு மிகவும் பிடித்த மரம் இது என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

சிங்கப்பூரில் நான் வியக்கும் இன்னொரு விஷயம் மேம்பாலங்கள். பாலத்தின் அடியில் வைத்த செடிகளுக்கு வெயிலும் மழையும் போதவில்லை. அதனால் சில பாலங்களை இரண்டாகப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டினார்கள். செடிக்காகப் பாலத்தின் வரைபடத்தையே மாற்றிய பொறியாளர்களை நினைத்தால் மனம் நிறைகிறது. மரம் நடும் நாளைப் போலவே, 2020இல் அங்கே தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் திட்டத்திலும் பொதுமக்கள் சேர்ந்து நடுகிறார்கள்.

மரத்துக்கு வெயிலும் மழையும் மட்டும் போதாது, அதன் வேருக்குக் காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அது கிடைக்கிறது. வண்டிகள் ஏறியும் சிமென்ட் பூசியும் அந்த இடைவெளிகள் அடைபட்டால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மரம் மெலியும்.

உங்கள் பள்ளியிலேயே இதைச் சோதிக்கலாம். அடியும் மேலும் திறந்த ஒரு தகரக் குவளையை, மரத்தடியில் எல்லாரும் நடந்து இறுகிய இடத்தில் கொஞ்சம் அழுத்திப் பதியுங்கள். அதில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, முழுதும் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். பிறகு சருகு மூடிக் கிடக்கும் இடத்தில், சருகை ஒதுக்கிவிட்டு இதையே செய்யுங்கள். தண்ணீர் இறங்கத் திணறும் இடத்தில் காற்றும் திணறும். அங்கே வேர் அறுபடாமல் மேலாகக் கொத்திவிட்டு, சருகைப் பரப்பி, நடைபாதையைச் சற்றுத் தள்ளிப் போடும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஒரு மழைக்காலம் போனபின் குவளையை அதே இடத்தில் பதித்து மறுபடி அளந்து, இரண்டு கணக்கையும் ஒப்பிடுங்கள்.