மொட்டை மாடியில ஒரு படிக்கல்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடி அலையுற பார்ட்டியா நீங்க? சீனியரோட ரெக்கார்டைத் தூசு தட்டி, பேரை மட்டும் மாத்தி, வைவா முடிஞ்சதும் லேப் அலமாரியில அதைச் சமாதி வைக்கிற ஐடியா இருந்தா, ஒரு நிமிஷம் இதைப் படிச்சுட்டுப் போங்க பாஸ்!

உங்க வீட்டு மொட்டை மாடி, ஒரு ஆன்டெனா, உள்ளங்கை அளவுக்கு ஒரு போர்டு, விட்டுவிட்டுப் போகாத இன்டர்நெட்... இவ்வளவு இருந்தா போதும். சுத்துப்பட்டு 30 கிலோமீட்டர்ல ஓடுற டிராக்டருக்கும் பறக்குற ட்ரோனுக்கும் நீங்க வழி காட்டலாம். அதுவும் ரெண்டு, மூணு சென்டிமீட்டர் சுத்தமா!

'அதான் செல்போன்லயே ஜி.பி.எஸ். இருக்கே?' இருக்கு. ஆனா திறந்த வெளியிலயே அது 3 முதல் 5 மீட்டர் வரை தப்பாச் சொல்லும். பிரியாணி டெலிவரிக்கு அது ஓகே. தெரு முனையில நின்னுக்கிட்டு 'எங்க சார் இருக்கீங்க?'னு ஒரு போன் போட்டா மேட்டர் முடிஞ்சது. கரும்புத் தோட்டத்துல பாருக்குப் பார் இடைவெளியே 5 அடிதான். அங்கே 4 மீட்டர் தள்ளி டிராக்டர் ஓடினா, களை போகாது... கரும்புதான் போகும்!

இந்தத் தப்பு எப்படி வருது? செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருந்து பேசுது. அதோட கடிகாரத்துல துளி பிசகு, பாதையில துளி பிசகு, வழியில அயனி மண்டலம் சிக்னலைக் கொஞ்சம் இழுத்தடிக்குது. ஒரு நானோ செகண்ட் பிசகினாலே 30 சென்டிமீட்டர் காலி.

இதைச் சரி பண்ற ட்ரிக், மளிகைக் கடை ட்ரிக்தான். தராசு மேல சந்தேகமா இருக்கா? நிஜமான ஒரு கிலோ படிக்கல்லை அதுல வைங்க. 1 கிலோ 50 கிராம்னு காட்டினா, எது நிறுத்தாலும் 50 கிராமைக் கழிச்சுக்கலாம். உங்க மாடி ஆன்டெனாதான் அந்தப் படிக்கல். அது நிக்கிற இடம் நமக்குத் துல்லியமாத் தெரியும். அதனால வானத்துல இருந்து வர்ற சிக்னல்ல எவ்வளவு பொய்னும் தெரிஞ்சுடும். பத்து கிலோமீட்டர் தள்ளி ஓடுற டிராக்டருக்கும் கிட்டத்தட்ட அதே பொய்தான் வந்து சேரும். மாடிப் பெட்டி தான் கேட்டதையெல்லாம் தன் முகவரியோட சேர்த்து நொடிக்கு நொடி அனுப்பிக்கிட்டே இருக்கும். கழித்தல் கணக்கை டிராக்டர்ல இருக்கிற பெட்டி போட்டுக்கும். இதுக்குப் பேர்தான் 'ஆர்.டி.கே.'

இன்னொரு சுவாரசியமும் இருக்கு. இந்தப் பெட்டிகள் சிக்னல்ல இருக்கிற செய்தியை மட்டும் கேக்குறதில்லை, அதைச் சுமந்து வர்ற அலையையே அளக்குது. ஒரு அலையோட நீளம் 19 சென்டிமீட்டர். அதுக்குள்ளே மில்லிமீட்டர் கணக்கா அளக்க முடியும். சிக்கல் என்னன்னா, நடுவுல மொத்தம் எத்தனை முழு அலைன்னு தெரியாது. ஸ்கேல்ல சின்னக் கோடெல்லாம் பளிச்னு இருந்து, சென்டிமீட்டர் நம்பர் மட்டும் அழிஞ்சு போன மாதிரி! 24 சென்டிமீட்டர் நீளமுள்ள இன்னொரு அலையையும் சேர்த்துக் கேட்டா, அந்த நம்பரைச் சில நொடியில கண்டுபிடிச்சுடலாம். கண்டுபிடிச்சுட்டா திரையில 'ஃபிக்ஸ்'னு வரும். 'ஃப்ளோட்'னு வந்தா இன்னும் தடவிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டு அலையையும் கேக்குற ரிசீவர் முன்னாடி லட்சங்கள்ல விலை. டிராக்டர் கம்பெனிகள் திருத்த சிக்னலுக்குத் தனியா வருஷச் சந்தாவும் வாங்கும். சுவிட்சர்லாந்து நிறுவனமான யூ-பிளாக்ஸ் 2018-ல 'எஃப்9பி' சிப்பை அறிவிச்சதும் கதை மாறிடுச்சு. போர்டும் ஆன்டெனாவும் சேர்ந்து சில நூறு டாலர்தான். கனடாவோட அல்பெர்ட்டா மாகாணத்துல பிரையன் டிஷ்லர்னு ஒரு விவசாயி. டிராக்டர் தானா நேர்கோட்டுல ஓடுறதுக்கு 'ஆக்ஓப்பன்ஜி.பி.எஸ்.' சாஃப்ட்வேரை எழுதி இலவசமாக் கொடுத்துட்டார். பிரான்ஸ்ல அரசு விவசாய ஆராய்ச்சி நிறுவனமான 'இன்ரே' பக்கமிருந்து 2019-ல 'சென்டிபீட்'னு ஒரு வலைப்பின்னல் கிளம்புச்சு. அட, நம்ம பூரான்தான்! விவசாயிகளும் கல்லூரிகளும் ஊராட்சிகளும் சொந்தக் காசுல கூரையில ஆன்டெனா வெச்சு, சிக்னலைப் பொதுவுல விட்டாங்க. இன்னிக்கு நூற்றுக்கணக்கான கால்கள் அந்தப் பூரானுக்கு!

மாட்டுறது ஈஸி

நாலு பக்கமும் வானம் தெரியணும். தண்ணி டாங்க், மாடி அறைச் சுவர் எல்லாம் சிக்னலை மறைக்கும், இல்லேன்னா திருப்பி அடிக்கும். ஆன்டெனாவுக்கு அடியில தட்டையா ஒரு உலோகத் தகடு வேணும். கம்பத்துல கட்டி வைக்காதீங்க, காத்துல ஆடும். கைப்பிடிச் சுவர்ல போல்ட் போட்டு இறுக்குங்க. இடி மின்னல் இருக்கிற ஊர்னா எர்த் கட்டாயம். கீழே போர்டு, ஒரு ராஸ்பெர்ரி பை, இன்வெர்ட்டர் கனெக்‌ஷன். டேட்டா நொடிக்குச் சுமார் ஒரு கிலோபைட், ஜுஜுபி! 'என்ட்ரிப்' முறையில ஒரு 'காஸ்டர்' சர்வருக்கு அனுப்பிட்டா, எத்தனை டிராக்டர் கேட்டாலும் அது பிரிச்சுக் கொடுத்துடும்.

கஷ்டம் இதுல இல்லை.

முகவரியிலதான் இருக்கு விஷயம்

போர்டை ஆன் பண்ணி, பத்து நிமிஷம் சராசரி எடுத்து, அதையே 'என் இடம்'னு போட்டுக்க ஒரு வசதி இருக்கு. சோம்பேறிகளுக்கு வரப்பிரசாதம்! ஆனா அதுல ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் பிசகு சகஜம். வேடிக்கை என்னன்னா, அந்தப் பிசகு யார் கண்ணுக்கும் படாது. படிக்கல் தப்பா இருந்தாலும் தராசு தினமும் ஒரே மாதிரிதானே காட்டும்? டிராக்டர் நேராத்தான் ஓடும், பார் அழகா விழும், நீங்களும் காலரைத் தூக்கி விட்டுக்குவீங்க.

அடுத்த வருஷம் ஜூனியர் ஒருத்தர் வந்து 'சரி பண்றேன்'னு முகவரியை மாத்துவார். இல்லேன்னா வெள்ளையடிக்க வந்தவங்க ஆன்டெனாவைக் கழட்டி, ரெண்டு அடி தள்ளி மாட்டிட்டுப் போவாங்க. அன்னிக்குத்தான் வெடிக்கும். போன வருஷம் அந்தக் கோட்டை நம்பித்தானே மண்ணுக்கு அடியில சொட்டுநீர்க் குழாய் புதைச்சாங்க? இப்போ கோடு தள்ளிப் போச்சு. உழவு டிராக்டர் குழாய் மேலேயே போகும். கிழிஞ்ச குழாய்க்குக் காசு கொடுக்கப் போறது நீங்க இல்லை, அந்த விவசாயி.

அதனால 24 மணி நேரம் சிக்னலைப் பதிவு பண்ணி, கனடா அரசோட இலவச 'சி.எஸ்.ஆர்.எஸ்-பி.பி.பி.' சேவைக்கு அனுப்புங்க. சில சென்டிமீட்டருக்குள்ளே உங்க மாடியோட முகவரி மெயில்ல வந்துடும். அதை எழுதி, தேதி போட்டு, சுவத்துல ஒட்டிடுங்க. அப்புறம் தொடவே கூடாது. (உலக அளவுகோல்ல பார்த்தா இந்தியாவே வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கா நகருது. மாடியும் வயலும் சேர்ந்தே நகர்றதால கவலை வேண்டாம்!)

நம்ம ஊருக்குன்னு ஒரு தனி வில்லனும் உண்டு. பூமியோட காந்த நடுக்கோடு திருநெல்வேலி பக்கமாப் போகுது. அதை ஆராயவே கிருஷ்ணாபுரத்துல ஒரு மத்திய ஆய்வுக்கூடம் இருக்கு. இங்கே சூரியன் சாய்ஞ்ச பிறகு அயனி மண்டலம் கொதிக்கிற உலை மாதிரி ஆகி, சிக்னல் சிமிட்ட ஆரம்பிக்கும். அதனால பிரான்ஸ்காரங்க 30, 35 கிலோமீட்டருக்கு ஒரு ஆன்டெனான்னு வெச்சா, நாம இன்னும் நெருக்கமா வைக்கிறது நல்லது. வேலையைக் காலையிலயே முடிச்சுக்கணும். சூரியனே கோபப்பட்டா அதுவும் உதவாது. 2024 மே 10, 11 காந்தப் புயல்ல, அமெரிக்காவுல மக்காச்சோளம் விதைச்சுக்கிட்டிருந்த டிராக்டர்கள் வழி தெரியாமப் பாதியில நின்னுடுச்சு.

எல்லா வயலுக்கும் இது தேவையான்னா, இல்லை. கை நடவு நடுற ஒரு ஏக்கர் நெல்லுக்கு இது ஆடம்பரம். தென்னந்தோப்புக்குள்ளே மட்டை மறைக்கும், 'ஃபிக்ஸ்' நிக்காது. பல வயல்ல வாடகைக்கு டிராக்டர் ஓட்டுறவங்க, மருந்தடிக்கிற ட்ரோன்காரங்க, சொட்டுநீர்க் கரும்பு போடுறவங்க, இவங்கதான் உங்க கஸ்டமர். சட்டச் சிக்கல்? 2021 பிப்ரவரியில மத்திய அரசு விதிகளைத் தளர்த்தினதுல, இந்தியர்களுக்கு இந்த வேலைக்கு முன் அனுமதி தேவையில்லைன்னு ஆகிடுச்சு. சர்வே ஆஃப் இந்தியாவும் நாடு முழுக்க இதே மாதிரி நிலையங்கள் வெச்சிருக்கு. உங்க முகவரி சரியான்னு அதோட ஒப்பிட்டுக்கலாம்.

ஆனா ஒண்ணு. செமஸ்டர் லீவுக்கு நீங்க ஊருக்குப் போனதும் ரௌட்டர் தொங்கிடுச்சுன்னா யார் ரீஸ்டார்ட் பண்றது? விதைப்பு உங்க அகாடமிக் காலண்டரைப் பார்த்து வராது. வீட்டுல ஒருத்தருக்கு அந்த ஸ்விட்சைக் காட்டிக் கொடுத்துட்டு, அப்புறமா போர்டுக்கு ஆர்டர் போடுங்க. ஈரப் புடவை ஆன்டெனா மேல விழுந்தாலும் சிக்னல் காலி. துணி காயப்போடுற கொடியை வேற பக்கம் மாத்தச் சொல்லி அம்மாகிட்ட பர்மிஷன் வாங்குறது... அது உங்க சாமர்த்தியம்!