வாடிய பவளத்திற்கு வைத்தியம்

பவளம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சிவந்த மணி. பழந்தமிழர் அதனைத் துகிர் என்றும் வழங்கினர். நவமணிகளுள் ஒன்றாக எண்ணப்படினும் அது நிலத்தில் தோண்டி எடுக்கும் கல்லன்று. மத்தியதரைக் கடலில் கூட்டமாக வாழும் சிற்றுயிர்கள் கட்டிய எலும்பேயாகும். முசிறித் துறையில் வந்திறங்கிய பொருள்களுள் பவளமும் ஒன்று என்பதைக் கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்குறிப்பேடு ஒன்று தெரிவிக்கிறது.

இச்செம்பவளத்திற்கு நெருங்கிய உறவினம் ஒன்றுண்டு. அதற்குக் கல்போன்ற எலும்பு இல்லை. தொட்டால் ஈரத்தோல் போல் மெத்தென்றிருக்கும். அதனை மென்பவளம் என்பர். இவ்விரண்டிற்கும் குல அடையாளம் ஒன்றே. ஒவ்வொரு சிற்றுயிரின் வாயைச் சுற்றியும் இறகு போன்ற விளிம்புடைய எட்டு நுண்கைகள் இருக்கும். பாறை கட்டும் கற்பவளத்திற்கோ அவை ஆறாகவும் ஆறின் மடங்காகவும் அமையும்.

மென்பவளத்தைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் இன்று நம் ஊர்களிலும் உளர். தெலுக் இந்தானில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் அவர்களுள் ஒருவர். அவர் வளர்த்தது நாய்க்குடை வடிவுள்ள தோற்பவளம். சார்க்கோபைட்டன் என்பது அதன் அறிவியற் பெயர். ஒருநாள் அவர் என்னை அழைத்துக் காட்டினார். நுண்கைகள் யாவும் உள்ளே ஒடுங்கிக் குடை சுருங்கிக் கிடந்தது.

"ஐயா, இது செத்துப் போய்விட்டது போலிருக்கிறது. எடுத்து எறிந்துவிடட்டுமா?" என்றார்.

தோற்பவளம் அவ்வப்போது நுண்கைகளை ஒடுக்கி, மெழுகு போன்ற மெல்லிய படலத்தை உரித்துத் தள்ளும் என்று நான் படித்திருந்தேன். மேலே படியும் பாசியையும் அழுக்கையும் அது இவ்வாறு களைந்துவிட்டுச் சில நாள்களில் மீண்டும் விரியும். எனவே, "தோல் உரிக்கிறது தம்பி, பொறுத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழிந்தது. குடையின் விளிம்பு கறுத்துக் கரையத் தொடங்கியது. அழுகல் நாற்றமும் எழுந்தது. தவறு என்னுடையதே. அளந்து பாராமல் நோய்க்குப் பெயர் சூட்டிவிட்டேன்.

நோய் எது?

ஒடுங்குதல் ஒன்றைக் கொண்டு நோயென்று முடிவு செய்தல் ஆகாது. தோலுரிக்கும் பவளத்தின் மேல் பளபளப்பான படலம் இருக்கும், உடல் உறுதி குன்றாது, நாற்றம் இராது. நோயுற்ற பவளமோ தளர்ந்து சாயும், கருமை அல்லது பழுப்பு நிறக் கோழை படியும், சதை கரையும். நிறம் வெளுத்தால், அதன் உடலுக்குள் வாழ்ந்து வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தரும் நுண்பாசி அதனை விட்டு நீங்குகிறது என்று பொருள். ஒளி போதாவிடில் தண்டு நீண்டு வளரும்.

காரணம் எது?

பவளத்தின் நோய் பெரும்பாலும் நீரின் நோயே. ஆகவே நீரை அளந்தோம். நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும், ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். அவருடைய தொட்டியிலோ அடர்த்திமானி 1.032 காட்டியது.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது? பவளத்திற்கு ஏற்ற வெப்பம் 25 முதல் 27 பாகை. நம் ஊர் நடுப்பகல் சூட்டில் நீர் அதனைத் தாண்டிவிடும். ஆகவே அவர் தொட்டியின் மேல் ஒரு விசிறி பொருத்தியிருந்தார். விசிறிக் காற்றில் நீர் ஆவியாகிக் குளிரும், அதில் பிழையில்லை. ஆனால் குறைந்த அளவை ஈடுசெய்ய அவர் நாள்தோறும் உப்புநீரையே ஊற்றிவந்தார். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே ஊற்ற வேண்டியது நன்னீர்.

வேறு காரணங்களும் உண்டு. மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு விடும் செம்பு மருந்து பவளத்திற்கு நஞ்சு. குழாய்நீரில் உள்ள குளோரினும் தீங்கானது. ஆற்றுமுகத்தில் முகந்த நீரில் உப்புக் குறைவு, சேறு மிகுதி. பாகான் டத்தோ கரைநீரைத் தொட்டிக்கு நம்பலாகாது. தோற்பவளமே அண்டையிலுள்ள பவளங்களை ஒடுக்கும் நச்சுப் பொருள்களை நீரில் கசியவிடும்.

தணிக்கும் வழி

உப்பை ஒரே நாளில் குறைத்தால் அந்த அதிர்ச்சியே உயிரைக் கொல்லும். நாளொன்றுக்கு 0.001 வீதம், தொட்டிநீரில் சிறிது எடுத்துவிட்டு வடித்த நன்னீரைச் சேர்த்தோம். ஏழு நாளில் 1.025 ஆயிற்று. இதற்கிடையில், அழுகல் பரவாதிருக்க, கல்லோடு பவளத்தை வேறு பாத்திரத்திற்கு மாற்றி, கூரிய அலகினால் அழுகிய விளிம்பையும் அதனை ஒட்டிய நல்ல சதையில் சிறிதளவையும் அறுத்து நீக்கினோம். பிறகு தொட்டிநீரில் அலசி, மிதமான நீரோட்டத்தில் வைத்தோம். வடிகட்டியில் கரி இட்டதால் கசிந்த நச்சும் குறைந்தது. கையுறையும் கண்காப்பும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. மென்பவளத்துடன் சேர்த்து விற்கப்படும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் மனிதரையே வீழ்த்தும் கொடிய நஞ்சு உண்டு.

மூன்றாம் வாரம் நுண்கைகள் மீண்டும் விரிந்தன. அறுத்ததில் நல்ல நிலையிலிருந்த ஒரு துண்டைத் தையல்நூலால் சிறு கல்லில் கட்டிவைத்தோம். அதுவும் ஒட்டிக்கொண்டு தனிப் பவளமாக வளர்கிறது.

கடலுக்கு யார் வைத்தியர்?

தொட்டியின் சூட்டை விசிறி தணிக்கும். கடல் சூடேறினால்? வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் வெளுக்கத் தொடங்கும். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. 2010-இல் நம் நாட்டிலும் தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சில, பவளம் தேறுவதற்காகச் சில மாதம் மூடப்பட்டன. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காம் வெளுப்பு நிகழ்வதாக அறிவியலார் அறிவித்தனர். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் கற்பவளத் துண்டுகளைச் சிமெந்துப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கின்றனர். நாங்கள் நூலால் செய்த வேலையை அவர்கள் கடலளவில் செய்கிறார்கள்.

ஒன்று கூறி முடிக்கிறேன். உப்பளத்தில் வெயில் நீரைக் கொண்டுபோகும், உப்பை விட்டுவைக்கும் என்ற பாடத்தை அம்மாணவருக்கு வகுப்பில் நடத்தியவன் நானே. தேர்வில் அவர் சரியாகவே விடை எழுதியிருப்பார். எனினும் தம் தொட்டியும் ஓர் உப்பளமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதன் எதிரில் நின்ற எனக்கும் முதலில் தோன்றவில்லை. பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அதைக் கொண்டு பார்க்கக் கற்றுக்கொடுத்தோமா? ஒடுங்கிக் கிடக்கும் பவளத்தைக் காணுந்தோறும் இக்கேள்வி எனக்கு எழுகிறது.