உங்களுக்குத் தெரியுமா? ஞாயிறன்று மார்சேயில் கப்பல் நின்றால்...

● பிரான்சில் ஞாயிறை வார ஓய்வு நாளாக்கிய சட்டம் 1906 ஜூலை 13-இல் வந்தது. உணவுப்பொருள் கடைகள் பிற்பகல் 1 மணி வரை ஊழியர்களை வைத்து விற்கலாம். சுற்றுலா மண்டலங்களில் மற்ற கடைகளுக்கும் விலக்கு உண்டு. ஆனாலும் ரொட்டி, சீஸ், பழம் வாங்குவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

● பெரிய சொகுசுக் கப்பல்கள் நிற்பது ஊரின் வடக்கே. பழைய துறைமுகம் அங்கிருந்து பல கிலோமீட்டர் தூரம். போகவர ஆகும் நேரத்தை முதலில் கழித்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

● பழைய துறைமுகக் கரையில் ஞாயிறு காலையும் மீன் சந்தை கூடும். புயாபேஸ் என்ற புகழ்பெற்ற மீன் குழம்புக்கான முள் நிறைந்த செந்நிற மீன்களைத் தட்டுகளில் பரப்பியிருப்பார்கள். மதியத்துக்குள் சந்தை கலைந்துவிடும்.

● பக்கத்திலேயே நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த எஃகு நிழற்கூரை, 46 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம். அண்ணாந்து பார்த்தால் நீங்களும் கூட்டமும் தலைகீழாகத் தெரிவீர்கள்.

● 2013-இல் திறந்த மியூசெம் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை செவ்வாய்தான். ஞாயிறு தாராளமாகப் போகலாம்.

● குன்றின் உச்சியில் நோத்ர தாம் த லா கார்த் தேவாலயம். அதன் கோபுரத்தில் 11 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பொன்முலாம் பூசிய மாதா சிலை. ஞாயிறு திருப்பலி நேரத்தில் உள்ளே அமைதி காப்பது அவசியம்.

● கப்பல் கடிகாரமும் ஊர் நேரமும் ஒன்றுதானா என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது!