ஒரே நோயாளி, இரு தீர்ப்பு

தெதுறு ஓயா சிலாபத்தின் அருகே கடலோடு கலக்கின்றது. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது; ஓடிய ஆறு தேங்கிய குட்டைகளாயிற்று. அவற்றில் நுளம்புகள் பெருகின. தொடர்ந்து எழுந்த மலேரியாக் காய்ச்சல், 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது.

ஓர் ஊரில் இந்நோய் எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை அறிய, அக்கால வைத்தியர்கள் சிறுவர்களின் இடது விலாவின் கீழ்க் கைவைத்து மண்ணீரலைத் தடவிப் பார்ப்பர். நூறு சிறுவரில் எத்தனை பேருக்கு வீக்கம் உண்டு என்பதே கணக்கு. ஆயின், கைக்குக் கை உணர்வு வேறுபடுமன்றோ? ஒரே விடைத்தாளுக்கு இரு பரீட்சகர் இருவேறு புள்ளி இடுவதில்லையா? அவ்வாறே ஒருவர் 'வீக்கம் உண்டு' என்ற சிறுவனை, மற்றொருவர் 'இல்லை' எனலாம். இருவரும் கற்றவரே, இருவரும் நேர்மையாளரே.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. மருந்து உண்ட ஊரை ஒருவரும், உண்ணாத ஊரை மற்றொருவரும் சோதித்தால், காணப்படும் வேற்றுமை மருந்தினுடையதா, கைகளினுடையதா? நல்ல மருந்து கைவிடப்படலாம், பயனற்றது ஏற்கப்படலாம். இரண்டிலும் இழப்பு நோயாளிக்கே.

பரிகாரம் மூன்று. முதலாவது, பொது அளவுகோல். 1944இல் ஹாக்கெட் என்னும் அறிஞர் மண்ணீரல் வீக்கத்தை 0 முதல் 5 வரை வகுத்தார். ஆழ்ந்து மூச்சிழுத்தும் கைக்குத் தட்டுப்படாதது 0. அப்போது மட்டும் தட்டுப்படுவது 1. அதற்கு மேற்பட்டவற்றுக்குத் தொப்புளை அடையாளமாகக் கொண்டு எல்லைகள் வகுக்கப்பட்டன. 'சற்றுப் பெரிது' என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது, பலர் தனித்தனியே பார்த்தல். மூன்றாவது, எவர் எம்மருந்து பெற்றார் என்பதைப் பார்ப்பவருக்கு மறைத்தல். 1948இல் பிரித்தானியாவில் வெளியான காசநோய் ஆய்வு இதற்குச் சான்று. 107 நோயாளரில் 55 பேர் படுக்கை ஓய்வுடன் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்றனர். 52 பேர் ஓய்வு மட்டும் பெற்றனர். அவர்களுடைய மார்பு எக்ஸ்-கதிர்ப் படங்களை மூவர், எது எப்பிரிவினருடையது என்று அறியாமல், தனித்தனியே ஆராய்ந்தனர்.

எனினும், இருவர் கண்ணை மூடிக்கொண்டு கூறினும் சில வேளை ஒத்துப்போகும். அத்தற்செயல் ஒற்றுமையைக் கழித்து, எஞ்சும் உண்மை ஒற்றுமையை அளக்கும் 'கப்பா' என்னும் எண்ணை 1960இல் கோகன் என்பவர் வகுத்தார். ஆய்வு தொடங்குமுன் இதனைக் கணித்து, ஒற்றுமை குறைவாயின் பார்ப்பவர்களுக்கு மீண்டும் பயிற்சி அளித்தல் வேண்டும்.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும் புதிய நோய்களும் புதிய மருந்துகளும் வந்துகொண்டேயிருக்கும். தம் தீர்ப்பை இன்னொருவர் சரிபார்க்க இசைவது வைத்தியருக்கு இழுக்கன்று. நோயாளிக்கு அதுவே காவல்.