படம் உங்களுடையது, போன் அவருடையது

ஹைதராபாத் மாதாப்பூர் ஐடி ஜோடிகளின் கல்யாணப் பட்டியலில், துர்கம் செருவு கேபிள் பாலத்தின் பின்னணியில் ஒரு போட்டோ ஷூட்டும் சேர்ந்துவிட்டது. எடுப்பவரிடம் பெரிய கேமரா இருக்க வேண்டும் என்பதில்லை, நல்ல ஸ்மார்ட்போனே போதும் என்றாகிவிட்டது. முன்பணம் ஜிபேயில், பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில். ரசீது? யாரும் கேட்பதில்லை. பிறகு ஒருநாள், "போன் போயிடுச்சு சார், படமும் போயிடுச்சு" என்று செய்தி வரும்.

போன் போனால் படமும் ஏன் போக வேண்டும்? ஒரே போனில் வாடிக்கையாளர் படமும் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் படமும் கலந்து கிடப்பதுதான் முதல் கோளாறு. கூகுள் போட்டோஸில் சேரும் படங்கள் 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்காகின்றன. அதே இடத்தில்தான் ஜிமெயிலும் டிரைவும். இடம் நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும். அறிவிப்பு வந்தாலும் பார்ப்பவர் யார்? இன்னொரு வம்பு: இடம் வேண்டுமென்று அந்தச் செயலிக்குள் போய்ப் படத்தை அழித்தால், இணையத்தில் இருக்கும் பிரதியும் சேர்ந்தே அழியும். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள். அதற்குள் மீட்காவிட்டால் போனது போனதுதான். போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் அதற்குத் தனி வசதி அதே செயலியில் இருக்கிறது.

தொழில் செய்பவர் செய்ய வேண்டியது எளிது: தொழிலுக்குத் தனிக் கணக்கு, வாடிக்கையாளருக்கு ஒரு ஆல்பம், பெயரில் தேதி, போனுக்கு வெளியே ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி.

வாடிக்கையாளர் பெரும்பாலும் அறியாதது ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நீங்கள் கேட்டு, காசு கொடுத்து எடுத்த படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை. ஆகவே உங்களைக் கேட்காமல் அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகப் போட எடுத்தவருக்கு உரிமை இல்லை. பதிப்புரிமை மீறல் என்று அந்தத் தளத்திலேயே புகார் செய்யலாம். ஆனால் "விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்" என்ற வரியுள்ள தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் கதை வேறு. படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

முன்பணம் தருமுன் ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: எத்தனை படம், எந்தத் தேதிக்குள், முழுத் தரத்தில் எப்படித் தருவார், எப்போது தன் போனிலிருந்து அழிப்பார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் தரம் குறைந்தது. அதை இறுதிப் பிரதியாக ஏற்காதீர்கள்.

படம் வரவில்லையா? அது சேவைக் குறைபாடு. கல்யாண வீடியோ தராத ஒரு நிறுவனம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் தர வேண்டுமென எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. எங்கே புகார் செய்வது என்பதில் ஒரு சிக்கல்: மாதாப்பூர் ஹைதராபாத் நகரத்தில் இருந்தாலும் வருவாய்க் கணக்கில் ரங்காரெட்டி மாவட்டம். மாதாப்பூரில் வசிப்பவரோ வேலை செய்பவரோ ரங்காரெட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஷூட் கோயம்புத்தூரில் நடந்திருந்தாலும் சரி, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தில் வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் பார்ப்பதும் நல்லது.

பணம் போன விவரம், வாட்ஸ்அப் உரையாடல், அந்த ஒரு பக்கத் தாள், படம் எடுத்தவருக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல். இவை இல்லாமல் போகாதீர்கள். பொதுவாக மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆணையங்களின் நடைமுறையில் அந்த மூன்று மாதம் ஆண்டுகளாக நீள்வது புதிதல்ல.

அந்தரங்கப் படம் வெளியே போனால் விஷயம் நுகர்வோர் வழக்கோடு நிற்காது. cybercrime.gov.in என்ற மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் உடனே பதியுங்கள், இணைப்பையும் திரைப்பிடிப்பையும் சேர்த்து. காவல் நிலையத்தில் "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பினால் அசையாதீர்கள்: குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, எல்லை எதுவானாலும் தகவலைப் பதிய வேண்டும்.

நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டுதான் கெடு. "அடுத்த வாரம் தர்றேன்" என்ற பதில்கள் அந்தக் கெடுவை நீட்டாது. தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனுப் போட வேண்டும். ஆணையம் அதை ஏற்றால்தான் வழக்கு நகரும்.