வராத அணைக்காக இடிக்கப்பட்ட ஊர்

வடக்கு ஸ்பெயினில், பிரனீஸ் மலைப்பகுதியில், ஆரா ஆற்றங்கரையில் இருக்கிறது ஹானோவாஸ். கல் வீடுகள், ஒரு தேவாலயம், ஆற்றைக் கடக்கத் தொங்குபாலம், கரையோரம் வாய்க்கால் பாயும் வயல்கள். இவ்வளவுதான் அன்றைய ஊர். அதை எந்த வெள்ளமும் கொண்டுபோகவில்லை. அணை வரப்போகிறது, எல்லாம் மூழ்கிவிடும் என்று சொல்லியே இடித்துத் தள்ளினார்கள்.

சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக்காலம் அது. நீர்மின் திட்டத்துக்காக 1960களில் நிலங்களைக் கையகப்படுத்தினார்கள். ஒரு குடும்பம் வெளியேறியதும், உரிமம் பெற்ற மின் நிறுவனம் அந்த வீட்டுக்கு வெடி வைத்துவிடும். பக்கத்து வீட்டில் ஆட்கள் குடியிருந்தபோதே இது நடந்தது. 1966இல் பள்ளிக்கூடத்தின் முறை வந்தது. நிறுவனத்தின் ஆள் கதவை உதைத்துத் திறந்து, ஆசிரியையின் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்ததையும், பிள்ளைகளைத் துரத்தியதையும் ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. பக்கத்து ஊர்களான லவெலியாவும் லகோர்ட்டும் இதே திட்டத்தால் காலியாயின. ஹானோவாஸ் தேவாலயத்தின் பழைய கல் வாசலை மட்டும் பெயர்த்தெடுத்து ஃபிஸ்கால் என்ற ஊரில் வைத்தார்கள்.

ஒரு குடும்பம் மட்டும் அசையவில்லை. இடிபாடுகளுக்கு நடுவே பயிர் செய்து, ஆடுமாடு வளர்த்து, 1984 வரை தாக்குப்பிடித்தது. அவர்கள் கிளம்பியதும் ஊர் ஆளற்றுப் போனது. அணையோ எழும்பவேயில்லை.

2001இல், சுற்றுச்சூழல் பாதிப்பைக் காரணம் காட்டி ஸ்பெயின் அரசே திட்டத்துக்கு எதிராகத் தீர்மானித்தது. 2008இல் உரிமமும் ரத்தானது. எடுத்த நோக்கம் நிறைவேறாவிட்டால் பழைய உரிமையாளரோ வாரிசுகளோ நிலத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது ஸ்பெயின் சட்டம். ஆனால் அன்று வாங்கிய இழப்பீட்டை, விலைவாசி உயர்வுக்கேற்பக் கூட்டித் திருப்பிக் கட்ட வேண்டும். கொடுத்தது கூரையும் அடுப்பும் உள்ள வீடு. காசு கட்டி மீட்பது முள் மண்டிய கற்குவியல். சட்டப்படி இது சரியாக இருக்கலாம், நியாயப்படி கொஞ்சமும் சரியில்லை.

இருந்தும் திரும்பி வந்தார்கள். புதரை வெட்டி, தெருக்களைத் துப்புரவாக்கி, அன்று பிள்ளைகளாக வெளியேறியவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் வீடுகளை ஒவ்வொன்றாக எழுப்பிவருகிறார்கள்.